படைப்பாற்றலும் உள்ளார்ந்த ஊக்கமும்: தெரசா அமாபிலேயின் ஆய்வுகள்

புதியதாகவும் அதே நேரத்தில் பொருத்தமானதாகவும் உள்ள ஒன்றை உருவாக்குவது படைப்பாற்றல் எனப்படும். அவ்வாறு பிறந்த எண்ணங்களை ஒரு நிறுவனம் எடுத்து வெற்றிகரமாக நடைமுறைக்குக் கொண்டு வருவது புத்தாக்கம் ஆகும். முதலாவது தனி மனிதரிடமோ சிறு குழுவிடமோ தோன்றுவது. இரண்டாவது நிறுவனம் முழுவதும் சேர்ந்து செய்வது. முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை.

இவ்விரண்டையும் ஒரே இழையில் கோத்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் தெரசா அமாபிலே. காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்யும் சிறுவர் சிறுமியரிடம் தொடங்கிய இவரது ஆய்வு, பெரிய நிறுவனங்களின் ஆய்வுக் குழுக்கள் வரை சென்றது. இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே விடை கிடைத்தது என்பதே இந்த ஆய்வுகளின் சிறப்பு. ஒரு வேலையை அந்த வேலையின் மீதுள்ள ஆர்வத்தாலும், அது தரும் மகிழ்ச்சியாலும், அது விடுக்கும் சவாலாலும் செய்யும்போது மனிதர்கள் அதிகப் படைப்பாற்றலுடன் செயல்படுகின்றனர். பரிசு, போட்டி, கண்காணிப்பு, மதிப்பெண் போன்ற வெளி அழுத்தங்களுக்காகச் செய்யும்போது அந்த ஆற்றல் குறைகிறது. முதல் வகை உந்துதல் உள்ளார்ந்த ஊக்கம் என்றும், இரண்டாவது புற ஊக்கம் என்றும் அழைக்கப்படுகின்றன.

பின்னணி

அமாபிலே முதலில் வேதியியலில் பட்டம் பெற்றவர். பின்னர் உளவியலுக்கு மாறி, 1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், 1995இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்தார்.

இந்தத் துறையின்பால் தன்னை ஈர்த்த இளமை நினைவு ஒன்றை அவர் எழுதியுள்ளார். மழலையர் பள்ளியில் படித்தபோது, இந்தக் குழந்தைக்குக் கலைப் படைப்பாற்றல் இருக்கிறது என்று ஆசிரியை தாயாரிடம் கூறியதை அவர் கேட்டார். அங்கே வண்ணங்களும் தாள்களும் விருப்பம்போல் கிடைத்தன. அடுத்துச் சேர்ந்த கண்டிப்பான பள்ளியில் புகழ்பெற்ற ஓவியங்களின் சிறு பிரதிகளைக் கொடுத்து, அவற்றைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார்கள். கலை வகுப்பில் மதிப்பெண்கள் இறங்கின. வரையும் ஆசையும் போயிற்று. அந்த ஆற்றல் எங்கே போனது என்னும் கேள்வியே பின்னாளில் அவரது ஆய்வுக் கேள்வியாயிற்று.

அவர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், படைப்பாற்றல் என்பது சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்க்கும் பண்பு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. மேதைகள் எப்படிப்பட்டவர்கள் என்று பலர் ஆராய்ந்தனர். எந்தச் சூழலில் சாதாரண மனிதரின் படைப்பாற்றல் கூடுகிறது, எந்தச் சூழலில் குறைகிறது என்று கேட்டவர்கள் குறைவு. அமாபிலே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்.

படைப்பாற்றலை எப்படி அளப்பது?

நீளத்தை அளக்க அளவுகோல் உண்டு; எடையை அறியத் தராசு உண்டு. ஒரு குழந்தை செய்த படம் எவ்வளவு படைப்பாற்றல் உடையது என்பதற்கு அப்படிப்பட்ட கருவி ஏதும் இல்லை. இதற்கு அமாபிலே வகுத்த முறை 1982இல் வெளியானது. 'ஒருமித்த மதிப்பீட்டு முறை' என்று அதைத் தமிழில் கூறலாம்.

இம்முறையில் அந்தத் துறையில் அனுபவம் உள்ள பலர் நடுவர்களாக இருப்பர். படங்களுக்கு ஓவியர்கள், கவிதைகளுக்குக் கவிஞர்கள் என்று தேர்ந்தெடுக்கப்படுவர். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல், ஒவ்வொருவரும் தனியாக மதிப்பிடுவர். எந்தப் படம் எந்தச் சூழலில் செய்யப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. உலகத்தின் மாபெரும் ஓவியங்களோடு ஒப்பிடாமல், முன்னால் உள்ள படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் இடுவர். தனித்தனியாகக் கொடுத்த மதிப்பெண்கள் பெரிதும் ஒத்துப்போனால், அந்த அளவீட்டை நம்பலாம் என்று கொள்ளப்படுகிறது. இன்றும் பல நாடுகளின் ஆய்வாளர்கள் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள்

இத்துறைக்கு அடிப்படை இட்ட ஆய்வு ஒன்று 1973இல் வெளியாயிற்று. அதை நடத்தியவர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர். இடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளி. வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பம் உள்ள 51 குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். படம் வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு முன்னறிவிப்பு இல்லை. வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழ் கொடுக்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஓரிரு வாரங்கள் கழித்து, அதே பேனாக்கள் வகுப்பறையில் மற்ற விளையாட்டுப் பொருள்களோடு வைக்கப்பட்டன. யாரும் வரையச் சொல்லவில்லை; பரிசும் இல்லை. பரிசை எதிர்பார்த்து முன்பு வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினரும் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியையே செலவிட்டனர். முன்னதாகப் பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களின் தரமும் குறைவாக மதிப்பிடப்பட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. ஆகவே கேடு சான்றிதழில் இல்லை. 'இதற்காகத்தான் நான் வரைகிறேன்' என்று குழந்தை எண்ணத் தொடங்குவதில் இருந்தது.

அமாபிலே இதிலிருந்து ஒரு படி மேலே சென்றார். ஆர்வம் குறைந்தால் படைப்பாற்றலும் குறையுமா என்று சோதித்தார். 1982இல் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 11 வயதுள்ள சிறுமியர் வண்ணத் தாள்களை ஒட்டிப் படம் செய்தனர். ஒரு குழுவில் சிறந்த படங்களுக்குப் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. மற்றொரு குழுவில் அதே பரிசுகள் குலுக்கல் முறையில் வழங்கப்படும் என்று சொல்லப்பட்டது. பரிசு இரண்டு இடத்திலும் உண்டு. போட்டி ஓரிடத்தில் மட்டுமே. ஓவியர்கள் மதிப்பிட்டபோது, போட்டியிட்ட சிறுமியரின் படங்கள் படைப்பாற்றலில் குறைந்திருந்தன.

பெத் ஹென்னெஸ்ஸியும் மற்றொருவரும் அமாபிலேயுடன் சேர்ந்து எழுதி 1986இல் வெளியான ஆய்வில், படங்கள் மட்டும் உள்ள ஒரு புத்தகத்தைப் பார்த்துக் குழந்தைகள் கதை சொல்ல வேண்டும். அதற்கு முன் உடனடிப் படம் தரும் கேமராவால் படம் எடுக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு குழுவினருக்குக் கேமரா, கதை சொல்வதாக ஒப்புக்கொண்டதற்கான வெகுமதி. மற்றொரு குழுவினருக்கு அது அன்று செய்யும் வேலைகளில் ஒன்று, அவ்வளவே. கேமராவை வெகுமதியாகப் பெற்றவர்கள் சொன்ன கதைகள் படைப்பாற்றலில் குறைவாக மதிப்பிடப்பட்டன. செய்த செயல்கள் ஒன்றே. அவற்றை முடிச்சுப் போட்ட விதமே வேறு.

தேர்வுரிமையைப் பற்றியும் ஆய்வு நடந்தது. 1984இல் வெளியான ஆய்வில், ஒட்டுப்படத்துக்கான பொருள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்த சிறு குழந்தைகள், பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பொருள்களைக் கொண்டு செய்த குழந்தைகளைவிடச் சிறந்த படைப்பாற்றலைக் காட்டினர்.

கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா?

இவற்றைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எழும் முதல் ஐயம் இதுதான்: அப்படியானால் குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டுமா? இதற்கு விடை தரும் ஆய்வை ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் முதலியோர் 1984இல் வெளியிட்டனர். முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் வண்ணம் தீட்டினர். வண்ணங்களைச் சிந்தக் கூடாது, தூரிகையைக் கழுவ வேண்டும் என்பன போன்ற விதிகள் இரண்டு குழுக்களுக்கும் இருந்தன. ஒரு குழுவிடம் அவை கட்டளையாக மட்டும் சொல்லப்பட்டன. மற்றொரு குழுவிடம், சிந்தி விளையாடுவது மகிழ்ச்சி தரும் என்பது தெரியும், ஆனால் அடுத்து வரும் குழந்தைகளுக்கும் இடமும் பொருள்களும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று காரணத்தோடு சொல்லப்பட்டன. கட்டளை கேட்ட குழந்தைகளின் ஆர்வமும் படைப்பாற்றலும் குறைந்தன. காரணம் கேட்ட குழந்தைகள், விதியே இல்லாமல் வரைந்த குழந்தைகளுக்குக் குறையவில்லை. விதி இருக்கலாம், அது குழந்தையின் மனத்தை மதித்துச் சொல்லப்பட வேண்டும் என்பது இதன் பாடம்.

பரிசுகளே இல்லாத பள்ளியோ சமூகமோ இல்லை. எனவே பரிசின் தீய விளைவிலிருந்து குழந்தைகளைக் காக்க முடியுமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டது. ஹென்னெஸ்ஸியும் அமாபிலேயும் மற்றொருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு ஒரு காணொளி காட்டப்பட்டது. அதில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குப் பாடத்தில் எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பெரியவர் ஒருவரிடம் பேசுகின்றனர். மதிப்பெண்ணும் பாராட்டும் நல்லவைதாம், ஆனால் உண்மையான மகிழ்ச்சி கற்பதில் இருக்கிறது என்பது அவர்கள் பேச்சின் சாரம். இதைப் பார்த்து, தங்கள் விருப்பங்களைப் பற்றியும் பேசிய குழந்தைகளுக்குப் பின்னர் வெகுமதி கொடுத்தபோது, அவர்களது படைப்பாற்றல் குறையவில்லை. நோய்த் தடுப்பூசிக்கு ஒப்பாக இந்தப் பயிற்சியை ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர்.

மூன்று கூறுகள்

இந்த ஆய்வுகளின் அடிப்படையில் அமாபிலே 1983இல் ஒரு கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். அதன்படி படைப்பாற்றலுக்கு ஒருவரிடம் மூன்று கூறுகள் வேண்டும்.

1. துறைத் திறன்: குறிப்பிட்ட துறையில் அறிவும் பயிற்சியும். இலக்கணமும் சொல்வளமும் இல்லாதவர் நல்ல கவிதை எழுதுவது அரிது.

2. படைப்புச் சிந்தனைத் திறன்: பழகிய வழியை விட்டு விலகிப் பார்ப்பது, உடனே முடிவுக்கு வராமல் காத்திருப்பது, தொடர்பில்லாதவற்றை இணைத்துப் பார்ப்பது, தோல்வியில் துவளாமல் தொடர்வது.

3. உள்ளார்ந்த ஊக்கம்: அந்த வேலையின் மீதே உள்ள ஈடுபாடு.

இம்மூன்றையும் வெளியிலிருந்து சூழ்ந்திருப்பது சமூகச் சூழல். முதல் இரண்டு கூறுகள் வளரப் பல ஆண்டுகள் ஆகும். மூன்றாவதோ சூழல் மாறினால் ஒரே நாளில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆகவேதான் ஆசிரியரும் மேலாளரும் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே என்று அமாபிலே வலியுறுத்துகிறார்.

பெரியவர்களிடமும் இதே விளைவா?

1985இல் வெளியான ஆய்வில் 72 எழுத்தாளர்கள் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் ஹைக்கூ வடிவத்தை ஒட்டிய சிறு கவிதைகள் எழுதினர். இரண்டாவது கவிதைக்கு முன், ஒரு குழுவினர் எழுதுவதன் மகிழ்ச்சி தொடர்பான காரணங்களையும், மற்றொரு குழுவினர் புகழ், பணம் போன்ற காரணங்களையும் வரிசைப்படுத்தினர். இதற்கு ஆனது சில நிமிடங்களே. ஆனாலும் புகழையும் பணத்தையும் எண்ணிப் பார்த்தவர்களின் இரண்டாவது கவிதை படைப்பாற்றலில் தாழ்ந்திருந்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமே இப்படி என்றால், வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றோர் ஆய்வில் 23 தொழில்முறைக் கலைஞர்களிடம், பிறர் கேட்டுக் காசு கொடுத்துச் செய்வித்த படைப்புகளும் அவர்களே விரும்பிச் செய்தவையும் பெறப்பட்டன. நடுவர்கள் மதிப்பிட்டபோது தொழில்நுட்பத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. படைப்பாற்றலில் மட்டும் பிறருக்காகச் செய்தவை குறைந்திருந்தன. நிபந்தனைகள் அதிகமாக உணரப்பட்ட இடங்களில் குறைவு மிகுதியாக இருந்தது.

நிறுவனங்களுக்குள்

பணியிடச் சூழலை அளக்க அமாபிலேயும் அவரது குழுவினரும் 'கீஸ்' என்ற வினாத்தாளை உருவாக்கினர். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1996இல் வெளியானது. நிறுவனத்தின் ஊக்குவிப்பு, மேலாளரின் ஊக்குவிப்பு, சக பணியாளரின் துணை, சுதந்திரம், போதிய வசதிகள், சவாலான பணி ஆகிய ஆறும் துணை செய்பவை. நிறுவனத்துக்குள் உள்ள தடைகளும் பணிச்சுமையும் தடுப்பவை. படைப்பாற்றல் மிக்க திட்டங்களையும் குறைந்த திட்டங்களையும் ஒப்பிட்டபோது, சவாலான பணி, நிறுவன ஊக்குவிப்பு போன்றவற்றில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வசதிகளில் அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை.

சுதந்திரம் என்பதை அவர் மலையேற்றத்தைக் கொண்டு விளக்குகிறார். எந்த மலையில் ஏறுவது என்பதை நிறுவனம் முடிவு செய்யலாம். எந்த வழியாக ஏறுவது என்பதைப் பணியாளரிடம் விட வேண்டும். இலக்கு அடிக்கடி மாறினால் சுதந்திரம் இருந்தும் பயனில்லை.

ஆட்குறைப்பு நடந்த ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தை அமாபிலேயும் ரெஜினா கான்டியும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். ஆட்குறைப்புக் காலத்தில் படைப்பாற்றலுக்குத் துணை செய்யும் சூழல் சரிந்தது, தடைகள் பெருகின. ஆட்குறைப்பு முடிந்த பின்னரே நிலைமை ஓரளவு மீண்டது.

நாட்குறிப்பு ஆய்வு

இவரது ஆய்வுகளில் மிகப் பெரியது நாட்குறிப்பு ஆய்வு. 7 நிறுவனங்களைச் சேர்ந்த 26 குழுக்களில் பணியாற்றிய 238 பேர், தங்கள் திட்டப்பணி நடந்த காலம் முழுவதும் ஒவ்வொரு வேலை நாளின் முடிவிலும் மின்னஞ்சல் வழியே வந்த வினாக்களுக்கு விடை எழுதினர். ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகள் சேர்ந்தன. இதன் முடிவுகளை அமாபிலேயும் அவருடைய கணவரும் உளவியலாளருமான ஸ்டீவன் கிரேமரும் 2011இல் 'தி புரோகிரஸ் பிரின்சிபிள்' என்ற நூலாக வெளியிட்டனர்.

மனநிலை மிக நன்றாக இருந்த நாள்களில் 76 விழுக்காட்டில் வேலையில் ஏதேனும் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்திருந்தது. மனநிலை மிக மோசமாக இருந்த நாள்களில் 67 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு பின்னடைவு நிகழ்ந்திருந்தது. முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. திட்டத்தைப் பொறுத்தவரை சிறியவையான நிகழ்வுகளில் 28 விழுக்காடு, மனிதர்களின் உணர்வில் பெரிய மாற்றத்தை உண்டாக்கின. மனநிலை நன்றாக இருந்த நாளில் மட்டுமன்றி அதற்கு மறுநாளும் படைப்பாற்றல் கூடியிருந்தது.

பிறகு 669 மேலாளர்களிடம், பணியாளரை ஊக்குவிப்பவை எவை என்று ஐந்து காரணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அவர்கள் பாராட்டை முதலிடத்தில் வைத்தனர். வேலையில் முன்னேற உதவுவதைக் கடைசியில் வைத்தனர்.

நெருக்கடி நேரத்தில்தான் நல்ல எண்ணங்கள் வரும் என்ற நம்பிக்கையையும் இந்த நாட்குறிப்புகள் ஆட்டம் காணச் செய்தன. காலநெருக்கடி மிகக் கடுமையாக இருந்த நாள்களில், பணியாளர்கள் படைப்பாற்றலுடன் சிந்திக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தச் சோர்வு அடுத்த நாளும் தொடர்ந்தது. ஆனால் அவர்களுள் பலர், நெருக்கடி நாள்களில் தாங்கள் அதிகப் படைப்பாற்றலுடன் இருந்ததாகவே நினைத்தனர். நெருக்கடியிலும் படைப்பாற்றல் தழைத்த நாள்கள் சில உண்டு. அந்நாள்களில் வேலை முக்கியமானது என்ற உணர்வு இருந்தது. இடையூறு இல்லாமல் ஒன்றிலேயே கவனம் செலுத்தவும் முடிந்தது.

மாற்றுக் கருத்துகள்

பரிசு எப்போதும் தீமை என்ற முடிவை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ராபர்ட் ஐசன்பெர்கரும் ஜூடி கேமரனும் 1996இல் எழுதிய கட்டுரையில், பரிசின் கேடு மிகைப்படுத்தப்படுகிறது என்றும், குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே அது நிகழ்கிறது என்றும் வாதிட்டனர். புதுமையாகச் செய்வதற்காகவே பரிசு என்று குழந்தைகளுக்குத் தெளிவாகத் தெரிந்தால், புதுமை கூடுகிறது என்பதையும் ஐசன்பெர்கரின் சோதனைகள் காட்டின. இதற்கு விடையாக எட்வர்ட் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். முன்கூட்டியே அறிவித்துக் கொடுக்கும் பொருட்பரிசு, சுவையான வேலையின் மீதுள்ள உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைக்கிறது என்றும், கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் அந்தக் கேடு அதிகம் என்றும் அவர்கள் முடிவு கூறினர். எதிர்பாராத பரிசு கேடு செய்யவில்லை.

அமாபிலேயும் தன் கொள்கையைத் திருத்திக்கொண்டார். மனிதரைக் கட்டுப்படுத்தும் புற ஊக்கம் கேடு செய்கிறது. 'நீ செய்தது இந்த இடத்தில் நன்றாக வந்திருக்கிறது' என்று தகவல் தரும் பாராட்டும், வேலையை மேலும் நன்றாகச் செய்ய வசதி தரும் வெகுமதியும் உள்ளார்ந்த ஊக்கத்துக்குத் துணை நிற்கலாம் என்று 1996இல் வெளியான நூலில் எழுதினார்.

இங்கே ஒரு வரம்பையும் நினைவில் கொள்ள வேண்டும். இழப்பதற்கு ஆர்வம் இருக்கும் வேலைகளைப் பற்றியவை இந்த ஆய்வுகள். ஆர்வமே எழாத சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுத்தால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டாம் என்றும் இந்த ஆய்வுகள் கூறவில்லை. ஊதியம் குறைவு என்ற மனக்குறை இருந்தால் அதுவே கவனத்தைச் சிதறடிக்கும்.

வீட்டிலும் வகுப்பறையிலும்

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என அமாபிலே 1989இல் 'குரோயிங் அப் கிரியேட்டிவ்' என்ற நூலை எழுதினார். மேலே கண்ட ஆய்வுகளிலிருந்து அன்றாடம் கடைப்பிடிக்கத் தக்கவை சில உண்டு.

- குழந்தை விரும்பிச் செய்யும் ஒன்றுக்கு முன்கூட்டியே பரிசு பேசாதிருத்தல்.
- பொருளையோ வழியையோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் குழந்தைக்கு அளித்தல்.
- எல்லாப் படைப்புகளையும் போட்டியாக்காதிருத்தல்.
- செய்துகொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று திருத்தாதிருத்தல்.
- விதிகளைக் காரணத்தோடு சொல்லுதல்.
- 'முதல் மதிப்பெண் யாருக்கு?' என்று கேட்பதோடு, 'இதில் உனக்கு எது பிடித்தது?' என்றும் கேட்டல்.
- அடிப்படைத் திறன்களைப் பயிற்றுவித்தல். ஆர்வம் மட்டும் போதாது. துறைத் திறனும் மூன்று கூறுகளில் ஒன்று.

பணியிடத்துக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். தெளிவான இலக்கு, வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, இடையூறு இல்லாத நேரம், அன்றாடம் ஒரு சிறு முன்னேற்றம் ஆகியவற்றை ஒரு மேலாளரால் பெரும் செலவின்றி அளிக்க முடியும். மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாவை எடுத்த குழந்தையும் ஆய்வுக்கூடத்தில் புதிய பொருளைத் தேடும் பொறியாளரும் ஒரே வகை ஊக்கத்தால்தான் இயங்குகின்றனர். அந்த ஊக்கத்தை யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கிறது. நல்லது செய்வதாக எண்ணி அதைக் கெடுத்துவிடாமல் இருப்பதே பெரியவர்களின் முதற் கடமை.